அவருடைய கப்பலும் என் சால்டரிங் அயர்னும்

போன வருடம் ஆடி மாதம், ஒரு மத்தியான வேளையில் கூரியர் தம்பி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். தையல் மெஷினே உள்ளே போகும், அவ்வளவு பெரிய பெட்டி. கையெழுத்துப் போடும்போது மேலே ஒட்டியிருந்த கஸ்டம்ஸ் ரசீது கண்ணில் பட்டது. வரி மட்டுமே 8,000 ரூபாய்க்கு மேல். வரியே இவ்வளவு என்றால் சரக்கு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே பெட்டியை ஹாலுக்கு இழுத்தேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். "என்னங்க இது?"

"கப்பல்" என்றார்.

"கப்பலா?"

"ஸ்டார் ட்ரெக்ல வருமே, எண்டர்பிரைஸ். அது. ரெசின் கிட். விளக்கெல்லாம் எரியும். அதாவது, நாமதான் எரிய வைக்கணும்."

"மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

"முப்பத்தெட்டு" என்றார், ஆயிரத்தை விழுங்கிவிட்டு.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடாது. மூன்று மாதமாக அதற்கு ஒரு ஸ்டூலை அண்டக் கொடுத்து வைத்திருந்தேன். அந்த ஸ்டூலை ஒரு பார்வை பார்த்தேன். அவரும் பார்த்தார். அன்றைக்கு இரண்டு பேரும் அதற்கு மேல் பேசவில்லை.

அவர் கெட்ட செலவு செய்கிறவர் இல்லை. சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது. ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார், இன்னும் ஒரு வருடத்தில் ரிட்டயர்மென்ட். மகள் பெங்களூரில் வேலைக்குப் போனதிலிருந்து அவளுடைய அறையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டிக்கொண்டிருப்பார். ஆனால் இந்தக் கப்பல் அவருக்குச் சின்ன வயசு ஆசை. எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தொடர் வரும். அவர்கள் வீட்டில் டி.வி. இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறார். வசனம் ஒன்றும் புரியாது. கப்பல் இடமிருந்து வலமாகப் போகும், அது போதும் என்பார்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே கப்பல் இல்லை. தெர்மோகோலுக்கு நடுவே பழுப்பேறிய சோப்புக் கட்டி நிறத்தில் சில துண்டுகள். பெரிய தோசைக்கல் அகலத்துக்கு ஒரு தட்டு, மேலும் கீழுமாக இரண்டு பாதி. ஒரு உருளை. நீளமான பூரிக்கட்டை மாதிரி இரண்டு. அவற்றைத் தாங்க மெல்லிய பட்டையாக இரண்டு கைகள். எல்லாம் சேர்ந்தால் 82 சென்டிமீட்டர் நீளம் வரும். கதையில் வரும் கப்பலை 350-இல் ஒரு பங்காகச் சுருக்கியது என்றார். செய்முறை விளக்கம் என்று ஒரே ஒரு தாள்தான் இருந்தது. அதிலும் அம்புக்குறிகள் மட்டும்.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் கிட் எஃகு அச்சில் ஆயிரக்கணக்கில் வார்ப்பது. துண்டுகள் சுத்தமாகப் பொருந்தும். இந்த ரெசின் கிட் அப்படியில்லை. யாரோ ஒரு ஆர்வலர் சிலிகான் ரப்பரில் அச்சு எடுத்து, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றிக் கையால் செய்வது. அச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் கொஞ்சம்தான் வார்க்க முடியும், அதனால்தான் இந்த விலை. விலைக்குத் தகுந்த சுத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தால் அதுவும் இல்லை. ரவை அளவு காற்றுக் குமிழிகள். ஒரு கை, வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி வளைந்திருந்தது. அச்சிலிருந்து ஒட்டாமல் வரத் தடவிய எண்ணெய்ப் பசை போகக் கழுவவில்லை என்றால் பெயின்ட் பிடிக்காது. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் சமையலறைத் தொட்டியில், என் விம் ஜெல்லைப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் கப்பலைக் குளிப்பாட்டினார். வளைந்த கையைக் கொதிக்கிற வெந்நீரில் முக்கி, இளகியதும் நிமிர்த்தி, பச்சைத் தண்ணீரில் காட்டினார். இட்லிப் பானையை அதற்கு எடுத்ததைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

உப்புத்தாள் போடுவது பால்கனியில் மட்டும்தான் என்று சட்டம் போட்டேன். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகத்தில் மாஸ்க் வேண்டும். கொரோனா காலத்து மாஸ்க் வேண்டாம், தூசிக்கென்று இருக்கிற நல்ல மாஸ்க் வாங்குங்கள் என்று நான்தான் சொன்னேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

நடுவில் அவர் சொன்ன ஒரு கதையைச் சொல்ல வேண்டும். பின்னால் அது தேவைப்படும். 1966-இல் தொடர் வந்தபோது கேமராவுக்கு முன்னால் நின்ற அசல் மாடல் 11 அடி நீளம். மரம், பிளாஸ்டிக், தகரம் எல்லாம் கலந்து செய்தது. முதலில் அதில் விளக்கே இல்லை. பிறகு உள்ளே பல்புகள் வைத்தார்கள். வைத்த பல்புகளுக்கு வயர் எங்கே கொண்டுபோவது? இடது பக்கம் ஓட்டை போட்டு அந்த வழியாக வெளியே இழுத்துவிட்டார்கள். ஆகவே இடது பக்கத்தைப் படம்பிடிக்கவே முடியாது. தொடர் முழுக்க அந்தக் கப்பலின் வலது பக்கத்தைத்தான் உலகம் பார்த்தது. இடது பக்கம் காட்டியே ஆக வேண்டும் என்றால், எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி ஒட்டி, வலது பக்கத்தையே எடுத்து ஃபிலிமைப் புரட்டிப் போட்டார்களாம். அந்த மாடல் 1974-இல் வாஷிங்டனில் இருக்கிற ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்குப் போனது. பழுது பார்த்து, 2016-இல் மறுபடி விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள்.

"இடது பக்கம் பூரா வெறும் வயரும் டேப்பும்தான். அந்தப் பக்கத்தை யாரும் பார்க்க மாட்டாங்கன்னு அப்படியே விட்டுட்டாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

ஆவணி கடைசியில் விளக்கு வேலையை ஆரம்பித்தார். ஆன்லைனில் ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கினார். இரவு எட்டு மணிக்கு நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அந்த வாசனை வந்தது. ஈயக் கம்பிக்குள் இருக்கும் ரோசின் உருகும்போது, சாம்பிராணிக்கும் தாருக்கும் நடுவில் ஒரு வாசனை வரும். இருபத்தாறு வருடம் கழித்து அதை முகர்கிறேன். மாவுக் கையோடு போய் நின்றேன்.

அவர் ஈயத்தை அயர்ன் நுனியில் வைத்து உருக்கி, அந்தக் குண்டை எடுத்து வயர்மேல் பூசிக்கொண்டிருந்தார், சுவருக்குச் சிமென்ட் பூசுகிற மாதிரி. எல்.இ.டி.யின் கால் கருகியிருந்தது.

"எல்லாமே ட்ரை சால்டர்" என்றேன்.

"என்னது?"

"பிடிக்கல. இழுத்துப் பாருங்க, வந்துடும்."

இழுத்தார். வந்துவிட்டது.

"தள்ளுங்க" என்றேன்.

நான் பெண்கள் ஐ.டி.ஐ.யில் ரேடியோ-டி.வி. மெக்கானிக் படித்தவள். 1993-இல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். டயனோராவும் சாலிடேரும் வீட்டுக்கு வீடு இருந்த காலம் அது. டி.வி. செட்டுக்குள் போகிற காயில்களும் போர்டுகளும் செய்து பெரிய கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள். முதல் வருடம் வைண்டிங்கில் இருந்தேன். தலைமுடியை விட மெல்லிய எனாமல் பூசிய தாமிரக் கம்பியை அறுந்துவிடாமல் நூற்றுக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். அப்புறம் போர்டு லைன். கடைசி ஒன்றரை வருடம் செக்கிங். லைனில் இருந்த 22 பெண்களின் சால்டரிங்கையும் பார்த்து, பாஸ், ரிஜெக்ட் சொல்கிற வேலை. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. செய்த போர்டின் மூலையில் அந்த நம்பரை மார்க்கரால் எழுத வேண்டும். போர்டு திரும்பி வந்தால் யாரிடம் கொடுப்பது என்று தெரிவதற்காக. என் நம்பர் 17.

1998-இல் கல்யாணம். அதே மாதம் அத்தை சொன்னார், "நம்ம வீட்டுப் பொம்பளைங்க ஷிஃப்ட்டுக்கெல்லாம் போறதில்லம்மா." ஷிஃப்டே கிடையாது, காலை ஒன்பது முதல் ஐந்தரை வரைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், தினத்தந்தி படித்துக்கொண்டு. பக்கத்தைப் புரட்டினார். அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, அழுகை இல்லை. அத்தையும் நல்லவர், கடைசிவரை என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. யாரும் எதுவும் செய்யாமலே ஒரு வேலை போய்விட்டது. அந்தப் பக்கம் புரண்ட சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

அன்று இரவு சப்பாத்தி இல்லை, ஓட்டலிலிருந்து இட்லி வந்தது. நான் பத்தரை மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

கை மறக்கவில்லை. கண்தான் மறந்திருந்தது. 24 வயசில் வெறும் கண்ணால் பார்த்ததை இப்போது படிக்கிற கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி விளக்கையும் வைத்துத்தான் பார்க்க முடிகிறது. அந்த விளக்கு வாங்க ரிச்சி தெருவுக்குப் போனோம். கல்யாணமாகி அவரோடு எத்தனையோ கடைவீதிகளுக்குப் போயிருக்கிறேன், எல்லா இடத்திலும் பை தூக்குவது அவர், பேரம் பேசுவது நான். ரிச்சி தெருவில் அவர் வாயையே திறக்கவில்லை. கடைக்காரத் தம்பி அவரைப் பார்த்து, "என்ன சார் வேணும்?" என்றான். நான், "555 நாலு, 4017 நாலு, ஐ.சி. பேஸ், கால் வாட் ரெசிஸ்டர் 220 ஓம்ஸ் நூறு, 38 கேஜ் எனாமல் வயர்" என்றேன். அவன் பார்வையை என் பக்கம் திருப்பினான். எங்கள் காலத்தில் இருந்த சில கடைகள் மொபைல் உதிரிபாகக் கடைகளாக மாறியிருந்தன. ஆனாலும் அந்த 555 அப்படியே இருக்கிறது. என்னைவிட வயசு கூட, இன்னும் வேலையில் இருக்கிறது.

விளக்கு வைப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன், சமையல் குறிப்பு எழுதுகிற பத்திரிகையில் இதற்கும் இடம் இருக்கட்டும். பழைய வைஃபை பெட்டியின் அடாப்டர் எங்கள் வீட்டில் சும்மா கிடந்தது. 12 வோல்ட். ஒரு வெள்ளை எல்.இ.டி. கிட்டத்தட்ட 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மூன்றை ஒரே வரிசையில் கோத்தால் 9. மீதி 3 வோல்ட்டைத் தாங்க ஒரு ரெசிஸ்டர். 150 ஓம் போட்டால் முழு வெளிச்சம், 220 போட்டால் கொஞ்சம் அடக்கம். அடக்கமாகத்தான் வேண்டும் என்றேன். ராத்திரியில் தூரத்து அடுக்குமாடி வீடு எப்படித் தெரியும்? பளீரென்றா தெரியும்? எல்லா ஜன்னலிலும் எரியவும் கூடாது. நாலு வீட்டில் தூங்கியிருப்பார்கள். இதை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பூரிக்கட்டைகள் இரண்டின் முன்நுனியிலும் ஆரஞ்சு நிறத்தில் விளக்கு சுழல வேண்டும். அசலில் மோட்டார் வைத்துச் சுழற்றினார்களாம். நம் ஊரில் இதற்கு எதற்கு மோட்டார்? கோயில் திருவிழாவில் அம்மன் தலைக்குப் பின்னால் சுற்றுமே ரன்னிங் லைட், அதேதான். 555 தாளம் போடும், 4017 அந்தத் தாளத்துக்கு ஒவ்வொரு விளக்காகக் கைமாற்றும். இவர் அந்தச் சர்க்யூட்டைக் கப்பலின் வயிற்றில் வைத்து, அங்கிருந்து விளக்குக்கு ஒன்றாக வயர்களைக் கைகளின் வழியே மேலே கொண்டுபோகத் திட்டம் போட்டிருந்தார். கையோ விரல் பருமன்கூட இல்லை. அதற்குள் எடையைத் தாங்க ஒரு உலோகத் தண்டும் போக வேண்டும். ரெசின் கனமானது, தண்டு இல்லாவிட்டால் நாளடைவில் கை தொய்ந்துவிடும். தண்டு போட்டால் வயருக்கு இடமில்லை, வயர் போட்டால் தண்டுக்கு இடமில்லை என்று ஒரு வாரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது விடை வந்தது. போர்டையே மேலே வைத்துவிட்டால்? அப்போது கையின் வழியே போக வேண்டியது ப்ளஸ், மைனஸ் இரண்டே இரண்டு வயர். தண்டுக்குப் பதில் பித்தளைக் குழாய் போட்டால், அந்தக் குழாயே மைனஸ். ஸ்கூட்டரில் பாடியே மைனஸாக இருப்பது போல. குழாய்க்குள் ஒரே ஒரு எனாமல் வயர். குழாயின் வாயில் எனாமல் உரசி ஷார்ட் ஆகாமல் இருக்க ஒரு ஸ்லீவ். முடிந்தது கதை.

சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை நீ எங்க படிச்ச?" என்றார்.

"எங்கேயும் படிக்கல. யோசிச்சேன்" என்றேன். குரலில் கொஞ்சம் காரம் இருந்திருக்கும். வெங்காயம் காரணமாக இருக்கலாம்.

முதல்முறை தட்டுக்குள் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது ஜன்னல் மட்டும் எரியவில்லை, தட்டு முழுவதுமே பழுத்த பப்பாளி மாதிரி ஒளிர்ந்தது. ரெசின் வெளிச்சத்தை விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் இரண்டு கோட், அதன்மேல் வெளிச்சம் சிதற வெள்ளை ஒரு கோட். ஜன்னல்களுக்கு அவர் துளை போட்டார், நான் ஃபைபர் நூலைக் கோத்தேன். பிறந்தநாள் கடைகளில் விற்கும் விசிறி விளக்கைப் பிரித்து எடுத்த நூல் அது. இந்த வேலையில் புரட்டாசி முழுவதும் போனது. அதை விவரிக்க ஒன்றுமில்லை. கோத்தோம், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் ஒருநாள் மகள் வீடியோ காலில் வந்தாள். நான் அயர்னைக் கையில் வைத்துக்கொண்டே பேசினேன்.

"அம்மா, நீ சால்டரிங் பண்றியா?"

"ம்."

"உனக்குத் தெரியுமா? யார் சொல்லிக் கொடுத்தா, அப்பாவா?"

அவள் ஈ.சி.இ. படித்தவள். இரண்டாம் வருடத்தில் ஒரு ப்ராஜெக்ட், அதே 555-ஐ வைத்துத்தான். மூன்று இரவு அந்த போர்டு வேலை செய்யாமல் அழுதாள். நான் இரண்டு தடவை காபி போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். மேஜைமேல் கிடந்த போர்டைப் பார்த்தேன், எங்கே தப்பு என்று தெரிந்தது. ஒரு கப்பாசிட்டரைத் திருப்பிப் போட்டிருந்தாள். சொல்லியிருக்கலாம். இஞ்சினீயரிங் படிக்கிற பெண்ணிடம் போய் ஐ.டி.ஐ. படித்த அம்மா என்னத்தைச் சொல்வது என்று கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். அவள் அப்பா பத்திரிகைப் பக்கம் புரட்டியதை இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தேனே, இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

"முன்னாடியே தெரியும். நேர்ல வா, சொல்றேன்" என்றேன்.

கார்த்திகையில் தட்டின் இரண்டு பாதியையும் ஒட்டி மூடினோம். ரெசினுக்குப் பிளாஸ்டிக் பசை பிடிக்காது. ஓரமெல்லாம் ஃபெவிக்விக், பாரம் தாங்கும் இடத்தில் அரால்டைட். அவர் பெயின்ட் அடித்தார். அதில் அவர் கெட்டிக்காரர், ஒத்துக்கொள்கிறேன். சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு நிறம். எழுத்து ஸ்டிக்கர்களை நீரில் ஊறவைத்து ஒட்டி, மேலே மங்கலான வார்னிஷ். சுவிட்ச் போட்டோம். எரிந்தது. இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து அரை மணி நேரம் அதையே பார்த்தோம். டி.வி. போடவில்லை.

நான்காம் நாள் தட்டின் இடது முன்பக்கம் அணைந்துவிட்டது.

மற்ற எல்லா இடமும் எரிகிறது. அந்த ஒரு வரிசை, மூன்று எல்.இ.டி., மட்டும் இல்லை. வரிசையில் ஒரு இணைப்பு விட்டால் மூன்றும் போகும். தட்டுக்குள் எல்லா இணைப்பும் என் கையால் வைத்தது. அவரைத் தள்ளச் சொல்லிவிட்டு உட்கார்ந்தவள் நான். வயிற்றைப் பிசைந்தது.

"திறக்கணும்" என்றேன்.

"பெயின்ட் எல்லாம் போயிடும். ஆறு மாச வேலை" என்றார். பிறகு சமாதானமாக, "விடு. அசல்லயே இடது பக்கம் அப்படித்தானே? சுவர்ப் பக்கமா திருப்பி வெச்சிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"அதுக்காக..."

"இன்னும் எதை எதையெல்லாம் சுவர்ப் பக்கமா திருப்பி வெப்பீங்க?"

இதை நான் கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலைப் பற்றிய பேச்சு இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. புரியாதவர் இல்லை, பேசாதவர், அவ்வளவுதான். எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். இரண்டு நாள், சாப்பாடு போடட்டுமா, போடு என்பதோடு சரி.

மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து வந்தவர் கையில் மெல்லிய பல் உள்ள ஒரு சின்ன ரம்பம் இருந்தது. கப்பலைக் கவிழ்த்து மேஜைமேல் துண்டு விரித்து வைத்தார். பென்சிலை என்னிடம் நீட்டினார். "எங்க வெட்டணும்னு மார்க் பண்ணு."

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா? தோழி ஒருத்தியிடம் சொன்னபோது, "ஆம்பளைங்க மன்னிப்பு இப்படித்தான்டி வரும்" என்றாள். எனக்கு அதில் சம்மதமில்லை. மன்னிப்பு என்றால் வாயால் கேட்கலாம், அதற்கென்று மொழி இருக்கிறது. ஆனால் அவர் ஆறு மாதம் தேய்த்துப் பூசிய கப்பலின் வயிற்றை, என் பென்சில் கோட்டின்மேல், மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தொட்டு அறுத்தார். நடுவில் ஒருமுறைகூட "நிச்சயமா இங்கதானா?" என்று கேட்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தீப்பெட்டி அளவு ஜன்னல் திறந்தது. பூதக்கண்ணாடியை இழுத்துப் பார்த்தேன். ட்ரை சால்டர் இல்லை. அதைவிட மோசம். எனாமல் வயரின் முனையை முழுசாகச் சுரண்டாமல் சால்டர் வைத்திருக்கிறேன். ஈயம் கம்பியைச் சுற்றி அழகாக உட்கார்ந்திருக்கிறது, பார்த்தால் பளபளவென்று பாஸ். உள்ளே எனாமலுக்கு மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எங்கேயோ ஒரு நூலளவு தொட்டுக்கொண்டு நான்கு நாள் எரிந்திருக்கிறது. வைண்டிங்கில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. தாமிரம் தெரிகிறவரை சுரண்டு, அப்புறம் இன்னொரு தடவை சுரண்டு.

"என் தப்புதான்" என்றேன். "சுரண்டாம விட்டிருக்கேன்."

அவர் எட்டிப் பார்த்தார். "சரி, இப்ப சுரண்டு" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. பிளேடால் சுரண்டினேன். ஈயம் வைத்தேன். எரிந்தது. மற்ற எல்லா முனைகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன், செக்கிங்கில் பார்ப்பது போல. இன்னொன்றும் சந்தேகமாக இருந்தது, அதையும் மாற்றினேன். வெட்டிய துண்டை மறுபடி ஒட்ட வேண்டாம் என்று முடிவு செய்தோம். நாலு மூலையிலும் சின்னக் காந்தம் வைத்து மூடியாக்கிவிட்டோம். நகத்தால் நெம்பினால் திறக்கும். மூடுவதற்கு முன்னால் மார்க்கர் எடுத்து உள்பக்கம் 17 என்று எழுதினேன். முதல் தடவை மூடியபோது எழுதவில்லை. அவர் என்ன என்று கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். லைன், நம்பர், திரும்பி வருகிற போர்டு, எல்லாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த கம்பெனிக்குள் என்ன இருந்தது என்று அவரிடம் சொன்னது அன்றைக்குத்தான். பதினொன்றரை மணி ஆகிவிட்டது. "அந்த 22 பேர்ல இப்ப யார்கிட்டயாவது பேசறியா?" என்று கேட்டார். ஒருத்தியிடமும் இல்லை. அதைச் சொன்னேன்.

கப்பல் இப்போது ஹாலில் இருக்கிறது, சுவரை விட்டு நன்றாகத் தள்ளி, இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி. இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை, கடலில் ஓடுகிற கப்பலுக்கும் அதுதான் விதியாம். ஃப்ரிட்ஜுக்குக் கதவு ரப்பர் மாற்றியாயிற்று, ஸ்டூல் விடுதலை.

பொங்கலுக்கு மகள் வந்தாள். வந்த வேகத்தில் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அடியில் இருந்த மூடியைக் கண்டுபிடித்து நகத்தால் நெம்பினாள்.

"இது என்னம்மா, பதினேழு?"

சொன்னேன். நடுவில் அந்த ப்ராஜெக்ட்டையும், திருப்பிப் போட்ட கப்பாசிட்டரையும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். "மூணு நாள் அழுதேன்மா, பார்த்துட்டே இருந்தியா?" என்று எழுந்து போய்விட்டாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் பின்னால் போகவில்லை.

சாயங்காலம் அவளே வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தாள். எனாமல் வயர் சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "காலேஜ்ல இதைச் சும்மா தீயில காட்டி உரிப்போம்" என்றாள்.

"தீயில காட்டினா கம்பி கறுத்துப் போயிடும், ஈயம் பிடிக்காது" என்றேன். "அப்பா ஷேவிங் செட்ல புது பிளேடு இருக்கும், எடுத்துட்டு வா."